சர்வசமம், வடிவொப்பு: தாளும் கத்தரிக்கோலும் கொண்டு புரிந்துகொள்ளும் வழி

மேசை மேல் நான்கைந்து ஏ4 தாள்கள், கத்தரிக்கோல், அளவுகோல், கவராயம், கோணமானி ஆகியவற்றை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வடிவியலைக் கண்ணால் மட்டும் படித்தால் அது மனத்தில் தங்காது. வெட்டி, மடித்து, ஒன்றின் மேல் ஒன்றை வைத்துப் பார்த்தால் தங்கும். சர்வசமம், வடிவொப்பு என்ற இரண்டும் ஏழாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை திரும்பத் திரும்ப வருகின்றன. பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க உட்காரும் பெற்றோருக்கும், பள்ளியில் விட்டதை இப்போது பிடிக்க நினைப்பவர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

முதலில் சர்வசமம்

ஒரு தாளை இரண்டாக மடித்து, அதன் மேல் ஏதாவது ஒரு முக்கோணத்தை வரைந்து, இரண்டு மடிப்பையும் சேர்த்து வெட்டுங்கள். கையில் இரண்டு முக்கோணங்கள் இருக்கும். ஒன்றின் மேல் மற்றொன்றை வைத்தால் விளிம்பு விளிம்போடும் முனை முனையோடும் பொருந்தும். இப்படிப் பொருந்தும் இரண்டு உருவங்களே சர்வசம உருவங்கள். அளவும் ஒன்று, வடிவமும் ஒன்று.

இப்போது ஒரு முக்கோணத்தைத் தலைகீழாகத் திருப்பி மேசையின் மறுகோடியில் வையுங்கள். பார்வைக்கு வேறு மாதிரி தெரியும். ஆனாலும் சர்வசமம் போகவில்லை. நகர்த்தலாம், சுழற்றலாம், தாளையே புரட்டியும் போடலாம். இந்தக் கடைசி விஷயத்தில்தான் பலருக்குச் சந்தேகம் வரும். உங்கள் இடது கால் செருப்பைத் தாளில் வைத்துச் சுற்றி வரையுங்கள், வலது கால் செருப்பையும் அப்படியே வரைந்து, இரண்டையும் வெட்டி எடுங்கள். எவ்வளவு சுழற்றினாலும் ஒன்று மற்றொன்றின் மேல் உட்காராது. ஒரு தாளைப் புரட்டிப் போட்டதும் பொருந்திவிடும். வடிவியலில் இதுவும் சர்வசமம்தான். கண்ணாடியில் தெரியும் பிம்பமும் அசலும் சர்வசம உருவங்கள்.

எந்த முனைக்கு எந்த முனை?

இந்தப் பாடம் முழுவதற்கும் ஆணிவேர் இங்கேதான் இருக்கிறது. அண்ணன் மகளின் கணக்கு நோட்டை ஒரு மாலை புரட்டிக்கொண்டிருந்தேன். இரண்டு முக்கோணங்கள் சர்வசமம் என்று அவள் சரியாகவே கண்டுபிடித்திருந்தாள். ஆனால் அடுத்த வரியில் 7 செ.மீ. வர வேண்டிய பக்கத்துக்கு 5 செ.மீ. என்று எழுதியிருந்தாள். விதி தெரியும், பெருக்கல் வகுத்தல் தெரியும். முனைகளின் பெயர்களை எழுதிய வரிசைதான் தவறு.

முக்கோணம் கசட ≅ முக்கோணம் தபற என்று எழுதினால் (≅ என்பது சர்வசமத்தின் குறி) அதற்கு ஒரு கண்டிப்பான பொருள் உண்டு. க என்ற முனை த மேல் விழும், ச என்பது ப மேல், ட என்பது ற மேல். ஆகவே கச பக்கம் தப பக்கத்துக்குச் சமம், சட என்பது பற-வுக்குச் சமம், கட என்பது தற-வுக்குச் சமம். வரிசையை மாற்றி எழுதினால் சொல்வதே மாறிவிடும். பெயர்களை அகர வரிசையில் எழுதும் பழக்கத்தை இந்தப் பாடத்தில் அடியோடு விட்டுவிடுங்கள்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான்: விடையில் கை வைப்பதற்கு முன், ஓரத்தில் க→த, ச→ப, ட→ற என்று மூன்று அம்புக்குறிகளைப் போட்டுக்கொள்ளுங்கள். எதை வைத்து இணை சேர்ப்பது என்று குழம்பினால், பெரிய கோணத்துக்கு எதிரேதான் பெரிய பக்கம் இருக்கும் என்பதை நினைவில் வையுங்கள். பெரிய பக்கங்கள் இரண்டையும் முதலில், சிறிய பக்கங்கள் இரண்டையும் அடுத்து ஜோடி சேர்த்தால் மற்றவை தாமாக வந்துவிடும்.

எத்தனை அளவுகள் போதும்?

முக்கோணத்துக்கு மூன்று பக்கம், மூன்று கோணம் என மொத்தம் ஆறு அளவுகள். ஆறையும் ஒப்பிட வேண்டியதில்லை, சரியான மூன்று போதும். ஏன் என்பதை ஈர்க்குக்குச்சியைக் கேட்டுப் பாருங்கள். மூன்று குச்சிகளை நூலால் முனையில் கட்டி முக்கோணமாக்கினால் அது அசையாது, பிடித்து அழுத்தினாலும் வடிவம் மாறாது. நான்கு குச்சிகளைக் கட்டிச் சதுரமாக்கினால் லேசாகத் தள்ளியதும் சாய்ந்து சாய்சதுரமாகிவிடும். மூன்று நீளங்கள் ஒரே ஒரு முக்கோணத்தைத்தான் தரும் என்பதால் ப-ப-ப (ப என்றால் பக்கம், கோ என்றால் கோணம்) ஒரு விதியாக நிற்கிறது. ஓட்டு வீட்டுக் கூரைக்கு முக்கோணச் சட்டம் போடுவதும் இந்த உறுதிக்காகத்தான்.

இரண்டு பக்கமும் அவற்றுக்கு இடையிலுள்ள கோணமும் சமமானால் ப-கோ-ப. இரண்டு கோணமும் அவற்றுக்கு இடையிலுள்ள பக்கமும் சமமானால் கோ-ப-கோ. இரண்டு கோணம் தெரிந்தால் 180°-யிலிருந்து கழித்து மூன்றாவதைக் கண்டுபிடித்துவிடலாம் என்பதால், சமமான பக்கம் கோணங்களுக்கு இடையில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. ஆனால் இரண்டு முக்கோணத்திலும் அது ஒத்த பக்கமாக, அதாவது ஒரே அளவு கோணத்துக்கு எதிரே உள்ள பக்கமாக இருக்க வேண்டும்.

பக்கம், பக்கம், பிறகு இடையில் இல்லாத ஒரு கோணம் என்று கொடுத்தால்? 'கூடாது' என்று பாடத்தில் ஒரு வரி இருக்கும், பிள்ளைகள் அதை மனப்பாடம் செய்துவிடுவார்கள். மனப்பாடம் வேண்டாம், வரைந்து பாருங்கள். பத்து நிமிடம் ஆகும்.

தாளின் அடியில் 15 செ.மீ. நீளத்துக்கு ஒரு கோடு போடுங்கள். அதன் இடது முனை க. அங்கே 30° கோணத்தில் மேல்நோக்கி ஒரு கோடு வரைந்து, அதில் 10 செ.மீ. தூரத்தில் ச என்று குறியுங்கள். கவராயத்தை 6 செ.மீ. விரித்து, ஊசியை ச-வில் ஊன்றி அடிக்கோட்டை நோக்கி வில் போடுங்கள். வில் அடிக்கோட்டை ஓரிடத்தில் அல்ல, ஈரிடத்தில் வெட்டும். க-விலிருந்து அளந்தால் ஒன்று ஏறக்குறைய 5.3 செ.மீ. தூரத்திலும் மற்றொன்று 12 செ.மீ. தூரத்திலும் இருக்கும். இரண்டு முக்கோணத்திலும் 10 செ.மீ. பக்கம் உண்டு, 6 செ.மீ. பக்கம் உண்டு, 30° கோணம் உண்டு. ஆனால் ஒன்று ஒல்லி, மற்றொன்று அகலம். மூன்று அளவுகள் பொருந்தியும் உருவம் பொருந்தவில்லை.

அதே தாளில் க-விடத்து கோணத்தை மட்டும் 90° ஆக்கி இன்னொரு முறை வரையுங்கள். இம்முறை அடிக்கோடு க-வுக்கு இரு பக்கமும் நீளட்டும். க-விலிருந்து நேர் மேலே 3 செ.மீ. தூரத்தில் ச-வை வைத்து, 5 செ.மீ. விரித்து வில் போடுங்கள். இப்போதும் ஈரிடத்தில் வெட்டும். ஆனால் க-வுக்கு இடப்பக்கம் 4 செ.மீ., வலப்பக்கம் 4 செ.மீ. இரண்டும் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம், செருப்பு ஜோடி போல. எனவே சர்வசமம். செங்கோணம், கர்ணம் (செங்கோணத்துக்கு எதிரே உள்ள பக்கம்), ஒரு பக்கம் என்ற செ-க-ப விதி தனியாக ஒரு விதியாக நிற்பதன் காரணம் இதுதான். எனக்கு இந்தப் பாடத்திலேயே மிகவும் பிடித்த இடம் இது. கவராயம் கையில் இருப்பவருக்கு விதி பரிசாகக் கிடைக்கிறது.

இனி வடிவொப்பு

ஏ4 தாள் ஒன்றை எடுத்து, நீளவாக்கில் உள்ள பக்கம் பாதியாகும்படி மடித்து வெட்டுங்கள். கிடைப்பது ஏ5. முழு ஏ4 தாள் ஒன்றை மேசையில் வைத்து, அதன் மேல் ஏ5 தாளை ஒரு மூலை மூலையோடு பொருந்தும்படி வையுங்கள். இரண்டின் நீளப் பக்கமும் ஒரே திசையில் இருக்கட்டும். பொருந்திய மூலையிலிருந்து பெரிய தாளின் எதிர் மூலைக்கு அளவுகோலை வைத்தால், சின்னத் தாளின் எதிர் மூலையும் அதே கோட்டில் நிற்கும். இதுவே வடிவொப்பு. அளவு வேறு, வடிவம் ஒன்று. பெரியதைச் சுருக்கினால் சின்னது, சின்னதை விரித்தால் பெரியது.

எண்ணிலும் பார்த்துவிடலாம். ஏ4 தாள் 210 மி.மீ. அகலம், 297 மி.மீ. நீளம். 297-ஐ 210 ஆல் வகுத்தால் 1.414. ஏ5 என்பது 148-க்கு 210. வகுத்தால் 1.419, மில்லிமீட்டரை முழு எண்ணாக்கியதால் வந்த சிறு வித்தியாசம்தான். பாதியாக மடித்தும் வடிவம் மாறாத செவ்வகம் ஒன்றே ஒன்றுதான், நீளத்துக்கும் அகலத்துக்கும் உள்ள விகிதம் √2 ஆக இருக்கும் செவ்வகம். ஜெர்மனி 1922-ல் இந்த அளவுகளைத் தரமாக்கியது, 1975-ல் அது ஐ.எஸ்.ஓ. 216 என்ற உலகத் தரமானது. லீகல் தாளில் இதைச் செய்து பாருங்கள். அது 8.5 அங்குலத்துக்கு 14 அங்குலம். பாதியாக்கினால் 7-க்கு 8.5. முதலில் விகிதம் 1.65, பிறகு 1.21. வடிவொப்பு போய்விட்டது. ஏ3 பக்கத்தை ஏ4 தாளில் ஜெராக்ஸ் எடுத்தால் ஓரத்தில் வெள்ளை விழாமல் அப்படியே உட்காருவதும், லீகல் பக்கத்தை ஏ4 தாளில் எடுத்தால் பக்கவாட்டில் வெற்றிடம் விழுவதும் இதனால்தான்.

வடிவொப்புக்கு இரண்டு நிபந்தனைகள் வேண்டும். ஒத்த கோணங்கள் எல்லாம் சமமாக இருக்க வேண்டும், ஒத்த பக்கங்கள் எல்லாம் ஒரே விகிதத்தில் இருக்க வேண்டும். ஒன்று இருந்து மற்றொன்று இல்லாவிட்டால் ஆகாது. ஏ4 தாளுக்கும் லீகல் தாளுக்கும் நான்கு கோணமும் 90°-தான், ஆனாலும் வடிவொத்தவை அல்ல. ஈர்க்குக்குச்சிச் சதுரத்தைச் சாய்த்தபோது பக்கங்கள் மாறவில்லை, கோணங்கள் மாறின. அதுவும் வடிவொப்பு அல்ல.

முக்கோணத்துக்கு மட்டும் இங்கே ஒரு சலுகை உண்டு. இரண்டு கோணங்கள் சமமானாலே போதும், மூன்றாவது கோணமும் சமமாகிவிடும், பக்கங்களும் தாமாகவே விகிதத்தில் வந்து நிற்கும். இதுதான் கோ-கோ விதி. தேர்வில் வரும் வடிவொப்புக் கணக்குகளில் பெரும்பகுதியை இந்த ஒரு விதியே தீர்த்துவிடும்.

பெரும்பாலோர் வழுக்கும் இடம்

முக்கோணத்தின் ஒரு பக்கத்துக்கு இணையான கோடு மற்ற இரு பக்கங்களையும் ஒரே விகிதத்தில் பிரிக்கும் என்பதே தேல்ஸ் தேற்றம். பத்தாம் வகுப்பில் அது வரும்போது ஒரு படம் அடிக்கடி வரும். முக்கோணம் கசட. கச பக்கத்தின் மேல் த என்ற புள்ளி, கட பக்கத்தின் மேல் ப என்ற புள்ளி. தப என்ற கோடு அடிப்பக்கமான சட-வுக்கு இணை. கத 4 செ.மீ., தச 2 செ.மீ., சட 9 செ.மீ. தப எவ்வளவு?

அவசரமாகப் போடுபவர் கத/தச = தப/சட என்று எழுதுவார். 4/2 = தப/9. விடை 18 செ.மீ. படத்தைப் பாருங்கள். முக்கோணத்துக்குள் கிடக்கும் கோடு, 9 செ.மீ. அடிப்பக்கத்தை விட இரண்டு மடங்கு நீளமாக எப்படி இருக்கும்?

அம்புக்குறி வழக்கம் இங்கே கைகொடுக்கும். வடிவொத்த முக்கோணங்கள் எவை? கதப, கசட. க→க, த→ச, ப→ட. எனவே கத-வுக்கு ஒத்த பக்கம் கச, தச அல்ல. கச என்பது 4 + 2 = 6. ஆகவே 4/6 = தப/9, தப = 6 செ.மீ. தச என்பது ஒரு துண்டு மட்டுமே, எந்த முக்கோணத்துக்கும் அது முழுப் பக்கம் இல்லை. துண்டுகளின் விகிதம் கத/தச = கப/பட என்பதற்குப் பயன்படும். இணைகோட்டின் நீளம் என்று வந்துவிட்டால் முழு முக்கோணங்களை மட்டுமே ஒப்பிட வேண்டும். மாணவர்களின் கையை இந்த இடத்தில் பிடித்து நிறுத்தி, இரண்டு முக்கோணத்தையும் தனித்தனியே மறுபடி வரையச் சொல்லுங்கள். ஒரு நிமிடம் கூடுதலாகும், தவறு நேராது.

பரப்பு வேறு கணக்கு

பக்கங்கள் இரண்டு மடங்கானால் பரப்பு இரண்டு மடங்கு அல்ல, நான்கு மடங்கு. மூன்று மடங்கானால் ஒன்பது. பக்க விகிதத்தின் வர்க்கமே பரப்பு விகிதம். ஜெராக்ஸ் இயந்திரத்தில் ஏ3-ஐ ஏ4 ஆக்க 71 சதவீதம் என்று வைக்கிறார்கள். தாளின் பரப்பு பாதியாகிறதே, ஏன் 50 இல்லை? 71 சதவீதம் என்பது நீளத்துக்கு. 0.71-ஐ 0.71-ஆல் பெருக்கிப் பாருங்கள், ஏறக்குறைய 0.5 வரும்.

டி.வி. வாங்கப் போகும்போதும் இது உதவும். 32 அங்குல டி.வி.யும் 43 அங்குல டி.வி.யும் ஒரே 16:9 வடிவம் என்றால் இரண்டும் வடிவொத்த செவ்வகங்கள். 43-ஐ 32 ஆல் வகுத்தால் 1.34. அதன் வர்க்கம் ஏறக்குறைய 1.8. அங்குலக் கணக்கில் மூன்றில் ஒரு பங்கு கூடினாலும் திரை கிட்டத்தட்ட இரண்டு மடங்கை நெருங்குகிறது. வீட்டு வரைபடத்திலும் அப்படியே. 1:100 அளவில் தாளில் 3 செ.மீ.க்கு 4 செ.மீ. என்று இருக்கும் அறை உண்மையில் 3 மீட்டருக்கு 4 மீட்டர். தாளில் 12 சதுர செ.மீ., தரையில் 12 சதுர மீட்டர், அதாவது 1,20,000 சதுர செ.மீ. பரப்பு 100 மடங்கு அல்ல, 10,000 மடங்கு.

உங்களைச் சோதித்துக்கொள்ள ஒரு புதிர்

இரண்டு முக்கோணங்களின் ஆறு அளவுகளில் ஐந்து சமம். அவை சர்வசமமாகத்தான் இருக்க வேண்டுமா? கேட்டவர்கள் அனைவரும் ஆமாம் என்றே சொன்னார்கள்.

8, 12, 18 செ.மீ. பக்கங்கள் கொண்ட ஒரு முக்கோணத்தையும், 12, 18, 27 செ.மீ. பக்கங்கள் கொண்ட மற்றொன்றையும் பெரிய தாளில் வரையுங்கள். ஒவ்வொரு பக்கமும் ஒன்றரை மடங்கு, ஆகவே வடிவொத்தவை. மூன்று கோணங்களும் சமம். 12 இதிலும் உண்டு, அதிலும் உண்டு. 18-உம் அப்படியே. ஐந்து அளவுகள் சமம், ஆனாலும் ஒன்று மற்றொன்றை விடப் பெரியது. முதல் முக்கோணத்தில் 12 நடுத்தரப் பக்கம், இரண்டாவதில் அது மிகச் சிறிய பக்கம். சமமான எண்கள் இருக்கின்றன, ஒத்த இடத்தில் இல்லை. அம்புக்குறியைப் பற்றி ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்பது இந்தப் படத்தைப் பார்த்தால் தெரியும்.

வெளியே போய் அளந்து வாருங்கள்

நல்ல வெயிலில் ஒரு மீட்டர் நீளக் குச்சியும் அளவு நாடாவும் எடுத்துக்கொண்டு ஒரு தென்னை மரத்தடிக்குப் போங்கள். குச்சியைச் சமதரையில் செங்குத்தாக நிறுத்தி அதன் நிழலை அளக்க வேண்டும். 80 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். உடனே மரத்தின் நிழலையும் அளங்கள். 9.6 மீட்டர். சூரியக் கதிர்கள் இணையாக வருவதால் இரண்டு நிழல் நுனியிலும் ஒரே கோணம், அடியில் இரண்டுக்கும் செங்கோணம். கோ-கோ விதிப்படி இரண்டு முக்கோணமும் வடிவொத்தவை. 9.6-ஐ 0.8 ஆல் வகுத்தால் 12. மரம் 12 மீட்டர். சூரியன் மணிக்கு 15° நகர்வதால், குச்சியை அளந்துவிட்டுத் தேநீர் குடித்து வந்து மரத்தை அளந்தால் கணக்கு தவறிவிடும். வளைந்த மரம் என்றால், தண்டின் அடியிலிருந்து அளக்காமல், உச்சிக்கு நேர் கீழே தரையில் இருக்கும் புள்ளியிலிருந்து அளக்க வேண்டும்.

கிரேக்க அறிஞர் தேல்ஸ் எகிப்தின் பிரமிடை நிழலைக் கொண்டே அளந்தார் என்று பழைய கிரேக்க நூல்கள் சொல்கின்றன. தன் நிழல் தன் உயரத்துக்குச் சமமாகும் நேரம் பார்த்து அளந்தாராம். பிரமிடில் ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. உச்சிக்கு நேர் கீழே உள்ள புள்ளி கல்லுக்குள், அடித்தளத்தின் நடுவே இருக்கிறது. கீசாவின் பெரிய பிரமிடின் ஒரு பக்கம் ஏறக்குறைய 230 மீட்டர், கட்டியபோது உயரம் ஏறக்குறைய 146 மீட்டர். நிழல் ஒரு பக்கத்துக்குச் செங்குத்தாக விழும் நேரம் என்றால், வெளியே தெரியும் நிழல் 31 மீட்டர்தான் இருக்கும். அதோடு பாதிப் பக்கமான 115 மீட்டரைக் கூட்டினால்தான் உயரம் கிடைக்கும்.

மேகமூட்டமான நாளில் நிழல் இருக்காது. ஒரு சிறிய முகக் கண்ணாடியைத் தரையில் மல்லாத்தி வைத்து, மரத்தின் உச்சி அதன் நடுவில் தெரியும் வரை பின்னால் நகருங்கள். ஒளி விழும் கோணமும் எதிரொளிக்கும் கோணமும் சமம் என்பதால் மீண்டும் கோ-கோ. கண் உயரம் 1.5 மீட்டர், கண்ணாடியிலிருந்து உங்கள் கால் வரை 2 மீட்டர், கண்ணாடியிலிருந்து மரம் வரை 16 மீட்டர் என்றால், 16/2 = 8, எட்டு மடங்கு 1.5 என்பது 12 மீட்டர். உங்கள் முழு உயரம் அல்ல, கண் உயரம் என்பதைக் கவனியுங்கள். நிழல் முறையில் வந்த விடையும் இதுவும் அரை மீட்டருக்கு மேல் வேறுபட்டால், முதலில் தரை சமமாக இருக்கிறதா என்று பாருங்கள்.